முதல் வரிசை வீடு

தண்ணீர் தீர்ந்துபோகக்கூடிய ஒன்று என்பது என் வீட்டுக்காரர் ரியாசுதீனுக்கு அறுபது வயது வரைக்கும் தெரியாது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நெய்வேலியில் குடும்பம் நடத்தியிருக்க மாட்டார்கள். அவர் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். கரிக்குக் கீழே, பூமியின் அடியில், தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். ஷிப்ட் மாறும், ஆள் மாறும், மோட்டார் மட்டும் நிற்காது. இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக வந்து வாய்க்காலில் விழுந்து வயல்களுக்குப் போகும். வேலை விட்டு வந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம், இன்றைக்கும் ஒரு சாண் குறையவில்லை என்று ஏதோ தானே ஊற்றி வைத்ததுபோலப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. முப்பத்தொரு வருஷம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, யார் திறந்துவிடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வாசலில் இரண்டு மா, பின்னால் ஒரு பலா, எல்லாவற்றுக்கும் ஹோஸைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் பக்கத்து பிளாக்கில் பேசிக்கொண்டிருப்பேன். தண்ணீர் தெருவுக்கு ஓடிய பிறகு யாராவது வந்து கூப்பிடுவார்கள்.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊரில் எங்களுக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. மந்தாரக்குப்பத்தைத் தாண்டி சுபாஷ் என்று ஒருவர் பசுமை நகர் என்ற பெயரில் மனை போட்டு வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். இடத்துக்குப் பழைய பெயர் செட்டித்தாங்கல். தாங்கல் என்றால் மழைத் தண்ணீர் வந்து தங்குகிற சின்ன ஏரி. பாதித் தாங்கலில் கிராவல் அடித்து மேடாக்கிக் கல் நட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் தண்ணீர் நின்றது. கோரை மண்டிக் கிடந்தது. நாமக்கோழிகள் நீந்தின. "ஏரிக் காத்துக்கே தனி விலை வைக்கணும்மா" என்றார் சுபாஷ். அந்தத் தண்ணீரைப் பார்த்தாற்போல இருந்த முதல் வரிசை வீடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். இதை நான் மறைக்கப்போவதில்லை.

அவர் நிலத்தைச் சுற்றி வந்தார். குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பள்ளம்தான் என்றார். ஆனால் ஒரு சுரங்கத்தையே நனையாமல் வைத்திருந்தவருக்கு நாற்பது வீட்டைக் காய வைக்கத் தெரியாதா என்று அவரே சிரித்தார். அவர் பிரிவில் வேலை பார்த்த பதினோரு பேர் அந்த ஒரு பேச்சை நம்பி அங்கே வீடு வாங்கினார்கள். ரியாஸ் பாய் வாங்குகிறார் என்றால் தண்ணீர் விஷயத்தை நாம் யோசிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

முதல் மழைக்காலத்திலேயே தாங்கல் தன் பாதியைத் திருப்பிக் கேட்டது. நவம்பரில் நான்கு நாள் விடாமல் பெய்ததில் முதல் வரிசை வீடுகளுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. என் சமையல்கட்டில் தவளை. பீரோவுக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு. நான் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு சுபாஷை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். இவருக்கோ ரிட்டயர் ஆன பிறகு அன்றைக்குத்தான் முகத்தில் களை வந்தது.

மறுநாளே பெரிய மோட்டார் வந்தது. குழாய் வந்தது. தாங்கலின் கிழக்குக் கரையை ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டிவிடச் செய்தார். இனிமேல் தண்ணீர் நிற்கவே கூடாது, வந்தது வந்தபடி ரோட்டோரக் கால்வாய்க்குப் போய்விட வேண்டும் என்றார். யார் எப்போது மோட்டாரைப் பார்த்துக்கொள்வது என்று மூன்று ஷிப்டுக்கும் பெயர் எழுதி எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினார். ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் தண்ணீர் மட்டத்தைக் குறித்தார். பத்தே நாளில் நகர் காய்ந்தது. டிசம்பர் முடிவதற்குள் தாங்கலே காய்ந்தது. குடியரசு தினத்தன்று நகர்க்காரர்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் வீட்டில் அதை வைத்து அவரைக் கிண்டல் செய்தேன், உள்ளுக்குள் எனக்கும் பூரிப்புதான்.

வீரம்மாள் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கைப் பெருக்குகிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. அவள் வீடு தாங்கலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியில். அந்தக் காலனிக்கு ஒரே ஒரு உறைக்கிணறு. கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை கீழே போய்விட்டது, மோட்டாரை நிறுத்தி வெட்டின கரையை அடைக்கச் சொல்லுங்கள் என்று கேட்க வந்திருந்தாள்.

இவர் அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. முப்பத்துநான்கு வருஷம் ராப்பகலாக இறைத்தும் பூமித் தண்ணீர் குறைந்ததை நான் கண்டதில்லை, இரண்டு மாதம் ஒரு குட்டையை இறைத்தால் கிணறு வற்றுமா, உங்கள் கிணற்றில் சேறு ஏறியிருக்கும், தூர் வாருங்கள் என்று விளக்கமாகச் சொன்னார். ஆள் வேண்டுமானால் நானே ஏற்பாடு செய்கிறேன் என்றுகூடச் சொன்னார்.

வீரம்மாள் எழுந்துகொண்டாள். "நீங்க எறைச்சது பூமிக்கு அடியில கெடக்குற தண்ணிங்க. அது எங்கெங்கிருந்தோ வருது. இது எங்க மழைத் தண்ணிங்க. இங்க நின்னாத்தான் உண்டு" என்றாள்.

அவள் போன பிறகு, படிக்காத சனம், பாவம் என்றார் இவர். நானும் ஆமாம் என்றேன்.

பிப்ரவரியில் காலனிக் கிணறு வற்றியது. மார்ச்சில் எங்கள் வீட்டு போர் முதலில் மஞ்சளாகக் கக்கியது, பிறகு வெறும் காற்றைக் கக்கியது. இவர் அதை நம்பவில்லை. மோட்டாரை மேலே ஏற்றிக் கழற்றினார், மாட்டினார், கேபிளை மாற்றினார், இன்னும் கொஞ்சம் ஆழம் போட்டார். நகரில் ஒவ்வொரு போராக நின்றது. ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் மட்டம் குறித்த அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தப்புப் பண்ணிவிட்டேன் முனவரா என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கோபப்படத் தோன்றவில்லை, பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு லாரித் தண்ணீர்தான். மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். லாரிக்காரர் எங்கே பிடிக்கிறார் தெரியுமா? சுரங்கத்துத் தண்ணீர் வந்து விழுகிற வாய்க்கால் தலைப்பில். என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க இறைத்து வெளியே தள்ளிய தண்ணீரை நாங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

கரையை அடைத்தால் அடுத்த மழையில் தாங்கல் நிரம்பும், கிணறும் போரும் ஊறும் என்று எல்லோருக்கும் இப்போது புரிந்துவிட்டது. ஆனால் தாங்கல் நிரம்பினால் முதல் வரிசை வீடுகள் தண்ணீரில் நிற்கும். காலனிக்காரர்களும் பின் வரிசைக்காரர்களும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். முடியாது என்று அங்கே எழுந்து கத்தியவர்களில் என் சத்தம்தான் பெரிது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நீ வந்து அள்ளிக் கொட்டுவாயா என்று வீரம்மாளைப் பார்த்தே கேட்டேன்.  கரை அடைபடவில்லை. இவர் கூட்டத்தில் ஒரு மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு பிரிவு ஆட்கள் யாரும் அவருடன் டீ குடிக்க நிற்பதில்லை. அவரும் அவர்கள் நடைபோகாத பக்கமாகப் பார்த்து நடைபோனார்.

என் கவலை வேறு. சென்னையில் இருக்கிற என் மகள் தமன்னா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழாவது மாதத்தில் அழைத்து வந்து தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்க வேண்டும். ஒரே பெண். சம்பந்தியம்மா ஃபௌசியா ஏப்ரலில் எங்களைப் பார்க்க வந்தவர், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் பாத்ரூமுக்குப் போனார். பக்கெட்டில் அரைப் பக்கெட் தண்ணீர் இருந்தது. வெளியே வந்து டீயைக் குடித்தார், சமையலைப் பாராட்டினார், புறப்படும்போது நிதானமாகச் சொன்னார், பிரசவத்தைச் சென்னையிலேயே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் தண்ணீர் வேண்டும், அவர் சொன்னதில் தப்பே இல்லை. தமன்னா போனில் அழுதாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வீட்டை விற்றுத் தொலைத்து, ஏழாம் மாதத்துக்குள் தண்ணீர் வருகிற ஒரு வாடகை வீட்டுக்காவது போய்விட வேண்டும் என்று நினைத்தேன். ராத்திரி படுத்தாலும் அதுதான், காலையில் எழுந்தாலும் அதுதான்.

விற்பது சுலபமா? வந்தவர்கள் எல்லாம் முதலில் குழாயைத்தான் திறந்தார்கள். காற்று வரும். போனவர்கள் போனவர்கள்தான். சுபாஷ் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். குவார்ட்டர்ஸில் வேறு யாரோ குடிவந்து என் மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கமும் கதவு இல்லாத ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாற்போல இருந்தது எனக்கு.

மே மாதம் தங்கராசு போன் செய்தார். அவர் இவரிடம் ஹெல்பராகச் சேர்ந்து இருபது வருஷம் கூட வேலை பார்த்தவர். இவரைப் பாய் என்பார், கடவுள் என்று சொல்லாத குறைதான். இரண்டு மாதத்தில் ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பாய் வீட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். மகளுக்குத் துணையாகச் சென்னைப் பக்கம் போகப்போகிறீர்கள் போல என்று காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார் இவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் சண்டை. கடைசியில் நான் அழுதேன், வேண்டுமென்றேதான் அழுதேன். "நீங்க பொய் சொல்ல வேணாம். வாயத் திறக்காம இருங்க, அது போதும்" என்றேன்.

"வாயத் திறக்காம இருந்தா அது பொய் இல்லையா?" என்றார்.

"அன்னைக்குக் கரைய வெட்டுன்னு வாயத் திறந்ததாலதான் இந்தக் கதி" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

தங்கராசு வீடு பார்க்க வரப்போகிற அன்று விடியற்காலை ஐந்தரைக்கே லாரியை வரவழைத்தேன். மாடித் தொட்டி வழிய வழிய நிரம்பியது. அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வீடு விற்றால் தங்கள் வீட்டுக்கும் வழி பிறக்கும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு தங்கராசுவும் அவர் மனைவி செவ்வந்தியும் வந்தார்கள். தங்கராசு உள்ளே நுழைந்ததும் மற்றவர்களைப்போலவே நேராகக் குழாயிடம் போனார். திறந்தார். தண்ணீர் கொட்டியது. கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்கவில்லை. புறங்கையைத் திருப்பிக் காட்டினார், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.  தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இருபது வருஷம் அந்தத் தண்ணீரைத் தொட்டவர் அவர். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

தங்கராசு திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "பாய், இது நம்ம தண்ணி" என்றார்.

இவர் குழாயை மூடினார்.

"அவ்ளோ ஆழத்துக்குப் போயி நம்ம தண்ணியவே புடிச்சிட்டீங்களே பாய். எங்க போடணும், எவ்ளோ எறக்கணும்னு ஒங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இது தீராது பாய். நாம பாக்காததா?"

அவர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தத் தோளுக்கு மேலே இவர் என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், நிறுத்து என்று என்னைக் கெஞ்சியது அது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், அவரே மிச்சத்தைச் சொல்லி முடித்திருப்பார்.

"டீ ஆறுது" என்றேன் நான்.

இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

செவ்வந்தி கெட்டிக்காரி. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாசலில் வீரம்மாள் இரண்டு குடத்தோடு நின்றிருந்தாள். லாரி வருகிற அன்று ஹோஸில் மிஞ்சுகிற தண்ணீரை அவளுக்கு விடுவது வழக்கம். இன்றைக்கு வராதே என்று சொல்லியிருந்தேன், இருந்தும் லாரிச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். ஒரு குடம் நிரம்பியிருந்தது, இன்னொன்று காலி. நான் பதறிக்கொண்டு பின்னால் ஓடுவதற்குள் செவ்வந்தி கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, இங்க தண்ணி எப்படி?"

வீரம்மாள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "பாயம்மாகிட்டயே கேளுங்க. எங்க ஊரு தண்ணியப் பத்தி எங்கள யாருங்க கேட்டாங்க இதுவரைக்கும்?"

நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலிக் குடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். செவ்வந்தி என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. அது புரியாததுபோல நான் சிரித்தேன்.

"தண்ணிக்குக் குறையே இல்ல செவ்வந்தி" என்றேன். இவரை வாயைத் திறக்கவிடாமல் வைத்துவிட்டு, பொய்யை என் வாயாலேயே சொன்னேன்.

ஜூன் மாதம் பத்திரம் முடிந்தது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும், ஆனால் வரும். சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டுத் தமன்னாவை விட்டுப் போனார். ஆகஸ்டில் பேரன் பிறந்தான். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போதெல்லாம் சொம்பு சொம்பாக எடுத்து ஊற்றுவேன். நான் நினைத்ததைச் சாதித்துவிட்டேன், சந்தோஷமாகவும் இருந்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

தங்கராசு அந்த வீட்டுக்குக் குடிபோனது ஜூலைக் கடைசியில். குடிபோன நான்காம் நாள் போன் வந்தது. "பாய், மோட்டார்ல ஏதோ கோளாறு. தண்ணி ஏற மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

இவர் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போனார். கழற்றினார், மாட்டினார், திரும்பி வந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி போன். மறுபடி போனார். பிறகு தினமும் போகலானார். நகர்க்காரர்கள் தங்கராசுவிடம் எல்லா போரும் வற்றிவிட்டதாகச் சொல்லத்தான் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. உங்கள் போரெல்லாம் மேல் தண்ணீர், இது பாய் போட்டது, அடித் தண்ணீர், நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று அவர்களுக்கே பாடம் எடுத்தாராம். இவர் மோட்டாரைக் கழற்றும்போது தங்கராசு பழைய ஹெல்பராகவே பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாராம். அந்த நேரத்தில் மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று இவர் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை.

போய் உண்மையைச் சொல்லிவிடுங்களேன் என்று நானே கேட்டுப் பார்த்தேன். வீடு விற்றாகிவிட்டது, பேரன் பிறந்துவிட்டான், இப்போது எனக்குத் தைரியம் வந்திருந்தது. அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கேருந்து சொல்ல ஆரம்பிக்கிறது?" என்றார். கரையை வெட்டியதிலிருந்தா, வீரம்மாளைச் சேறு வாரச் சொன்னதிலிருந்தா, அந்த ஏழு மணியிலிருந்தா என்று அவர் கேட்பதாக எனக்குப் பட்டது.  அந்த வீட்டிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன், அவரை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை. தமன்னா குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எடுத்தால் செவ்வந்தி. தங்கராசு இல்லாமல் அவள் தனியாக என்னுடன் பேசுவது அதுதான் முதல் தடவை.

மோட்டார் எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"மோட்டார்ல ஒண்ணும் இல்லக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ரெண்டு மாசமா இந்த வூட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா? அவருக்குத்தான் தெரியாது. பாய் வந்துகினு இருக்குறவரைக்கும் தெரியவும் தெரியாது."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை. மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று சாதாரணமாகக் கேட்டாள். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் கரையை அடைக்கப்போகிறோம், மழை வந்தால் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும் என்று பின் வரிசைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன்னால் விற்றாக வேண்டும். சுரங்கத்திலேயே வேறு பிரிவில் வேலை பார்க்கிறவராம், டிசம்பரில் ரிட்டயர் ஆகிறாராம், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறாராம். தங்கராசுவிடம், மகன் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விடலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறாளாம்.

"அன்னைக்கு பாய அனுப்பி வைங்கக்கா. அவரு ஒண்ணும் பேச வேணாம். மோட்டார் பக்கத்துல சும்மா நின்னா போதும். பாய் நிக்கிற வூடுன்னா நம்பிடுவாங்க."

நான் தமன்னாவுக்குக் கேட்காத தூரத்துக்கு நகர்ந்தேன்.

"இன்னொண்ணு" என்றாள் செவ்வந்தி. "ஏழு மணிக்கு அவங்க கொழாயத் தொறக்கும்போது சூடு இருக்கணும். லாரிய எத்தன மணிக்குக்கா வரச் சொன்னீங்க?"

உள்ளே குழந்தை சிணுங்கியது. தமன்னா தாலாட்டுவதுபோல ஏதோ சொன்னாள். போனில் செவ்வந்தி காத்திருந்தாள். அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வீடு விற்கிறவரைக்கும் நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

"அஞ்சரைக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் சட்டை போட்டுக்கொண்டு, பையோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"தங்கராசு வூடா? என்னவாம்?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மோட்டார் பாக்க வரச் சொல்றாங்க" என்றேன்.

சரி என்றார். இன்றைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.